முதல் பனிச்சறுக்குப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் தேடுவது, உலகத்திலேயே பெரிய ரிசார்ட் எது என்பதைத்தான். பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் லே த்ருவா வாலே என்று ஒரு இடம் இருக்கிறது. ஒன்றோடொன்று இணைந்த சறுக்குப் பாதைகள் மட்டுமே சுமார் 600 கிலோமீட்டர். படங்களைப் பார்த்தால் உடனே பெட்டி கட்டத் தோன்றும். ஆனால் முதல்முறையாக ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளில் ஏறி நிற்கிறவருக்கு, அந்த 600 கிலோமீட்டரில் முதல் மூன்று நாளுக்குத் தேவைப்படுவது ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னச் சரிவு. நூறு, இருநூறு மீட்டர் இருந்தாலே தாராளம்.

அதனால் மலையின் புகழை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மூன்று நாட்களை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். நல்ல தொடக்கச் சரிவு, பொறுமையான பயிற்சியாளர், காலுக்குப் பொருந்தும் பூட்ஸ். இவை மூன்றும் அமைந்துவிட்டால் பெயர் தெரியாத மலையிலும் பயணம் இனிக்கும். இதில் ஒன்று சொதப்பினாலும் போதும், எவ்வளவு பெரிய ரிசார்ட்டாக இருந்தாலும் இரண்டாம் நாள் மதியமே அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுவீர்கள்.

மலையைத் தேர்ந்தெடுப்பது

எல்லா ரிசார்ட்களின் இணையதளத்திலும் பாதை வரைபடம் இருக்கும். அதைத் திறந்து முதலில் வண்ணங்களைப் பாருங்கள். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் நீலத்துக்கும் முன்னால் பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. அமெரிக்க நீலமும் ஐரோப்பிய நீலமும் ஒன்றல்ல என்பது இதிலிருந்தே தெரியும். ஒரே நாட்டுக்குள்கூட ஒரு மலையின் எளிய பாதை இன்னொரு மலையில் நடுத்தரமாகக் கணக்காகலாம். வண்ணம் அந்தந்த மலையின் பாதைகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டுச் சொல்லும் குறி மட்டுமே.

அடுத்து, தொடக்கச் சரிவு எங்கே இருக்கிறது, அங்கே என்ன லிஃப்ட் இருக்கிறது என்று பாருங்கள். மேஜிக் கார்ப்பெட் என்ற நகரும் பட்டை இருந்தால் நல்லது. ஸ்கீயோடு அதன்மேல் நின்றால் போதும், மேலே கொண்டுபோய் விட்டுவிடும். பின்பக்கம் கோத்துக்கொண்டு இழுபட்டுப் போகும் கம்பி லிஃப்ட் மட்டும் இருக்கும் சரிவு என்றால், சறுக்கக் கற்பதற்கு முன் லிஃப்டில் போகக் கற்றாக வேண்டும். பலர் முதல் நாளில் விழுவது அங்கேதான்.

தொடக்கச் சரிவைத் தாண்டியபின் எங்கே போவது என்பதையும் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். மூன்றாம், நான்காம் நாளில் நீளமான, அகலமான, சாய்வு குறைந்த பாதை ஒன்று வேண்டும். சில மலைகளில் எளிய பாதைகள் எல்லாம் உச்சியில் இருக்கும், அங்கிருந்து ஊருக்கு இறங்கும் கடைசிப் பகுதி மட்டும் சிவப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். அப்படியானால் கோண்டோலாவிலேயே, அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி லிஃப்டிலேயே, கீழே இறங்க முடியுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் முடியும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிரான்சின் ஷாமோனியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையேற்ற வரலாற்றில் அதற்கு இணையான ஊர் குறைவு. ஆனால் அங்கே சறுக்கும் பகுதிகள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பஸ்சில்தான் போக வேண்டும், மேலிருந்து அடிவாரம் வரை இறங்கும் பாதைகள் பெரும்பாலும் கடினமானவை. வேடிக்கை பார்க்கப் போகலாம். முதல்முறை சறுக்கக் கற்பதற்கு நான் அந்த ஊரைச் சொல்லமாட்டேன்.

காஷ்மீரின் குல்மார்க்கிலும் இதே இரட்டை முகம். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளி, பனிக்காலத்தில் அருமையான தொடக்கச் சரிவாகிவிடும். அதே ஊரிலிருந்து புறப்படும் கோண்டோலாவின் இரண்டாம் கட்டமோ ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை போகிறது. மேலே இயந்திரம் வைத்துச் சீராக்காத, பனிச்சரிவு அபாயம் உள்ள திறந்தவெளி. டிக்கெட் கிடைக்கிறது என்பதற்காக ஸ்கீயோடு மேலே போய்விடக் கூடாது. காட்சி பார்க்கப் போய்விட்டு அதே கோண்டோலாவில் இறங்குவது வேறு விஷயம்.

உயரத்தைச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் வாழ்கிறவர் நேராக 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தூங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜ் ஊரே சுமார் 2,900 மீட்டரில் இருக்கிறது. ஐரோப்பாவில் மிக உயரத்தில் இருக்கும் ரிசார்ட்களில் ஒன்றான வால் தோரன்ஸ் 2,300 மீட்டரில். முக்கியமானது தூங்கும் இடத்தின் உயரம்; பகலில் ஏறி இறங்கும் உச்சி அவ்வளவு தொல்லை செய்யாது. வழியில் 1,600 மீட்டர் வாக்கில் உள்ள டென்வர் போன்ற ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு மேலே போவது நல்ல பழக்கம். முதல் நாள் மதுவைத் தவிர்த்துவிட்டு, தண்ணீரை அடிக்கடி குடியுங்கள். மூச்சுத்திணறலோ தள்ளாட்டமோ வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கப் பார்க்காமல், கீழே இறங்கிவிட வேண்டும்.

எந்த வாரம் போவது

வட அரைக்கோளத்தில் சீசன் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினாவில் ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் வரை. இவ்வளவு நீளமான சீசனில் எல்லா வாரமும் ஒன்றாக இருக்காது.

டிசம்பர் தொடக்கத்தில் பனி போதாமல் போகலாம். அப்போது இயந்திரங்கள்தான் பனியைத் தூவும். அதற்கும் குளிர் வேண்டும்: காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் அவை ஒழுங்காக வேலை செய்யும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கூட்டம். பிப்ரவரியில் ஐரோப்பிய நாடுகளின் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; பிரான்ஸ் நாட்டையே மூன்று மண்டலமாகப் பிரித்து விடுமுறை விடுவதால் அங்கே பிப்ரவரி முழுக்க நெரிசல்தான். அமெரிக்காவில் பிப்ரவரி மூன்றாம் திங்கள்கிழமை வரும் அதிபர்கள் தினத்தை ஒட்டிய வாரம் அப்படி. ஆசிய ரிசார்ட்களில் சீனப் புத்தாண்டு. கூட்டம் என்றால் லிஃப்டுக்கு வரிசை, கூடுதல் விலை என்பதோடு போகாது. தொடக்கச் சரிவில் உங்களைச் சுற்றி ஐம்பது பேர் கட்டுப்பாடில்லாமல் சறுக்கி வந்துகொண்டிருப்பார்கள்.

என் தேர்வு, புத்தாண்டுக் கூட்டம் வடிந்த ஜனவரி நடுப்பகுதி, இல்லையென்றால் மார்ச் முதல் பாதி. ஜனவரியில் குளிர் கடுமை, பகல் குறுகல், ஆனால் பனி நன்றாக இருக்கும், பாதைகள் காலியாக இருக்கும். மார்ச்சில் வெயில் இருக்கும், நீண்ட பகல் கிடைக்கும், கையுறையைக் கழற்றினாலும் விரல் விறைக்காது. ஒரே சிக்கல்: மதியம் இளகும் பனி இரவில் இறுகிப் போவதால், காலை ஒன்பது மணிக்குப் பாதை கண்ணாடி மாதிரி வழுக்கும். பத்து, பத்தரைக்குப் போனால் சரியாகிவிடும்.

கனமாகப் புதுப்பனி பொழியும் வாரமாகப் பார்த்துப் போக வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஜப்பானின் நிசேகோ, சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் பொடிப்பனிக்குப் பெயர் போனது. தேர்ந்தவர்கள் அதற்காகவே உலகின் மறுமுனையிலிருந்து வருகிறார்கள். முதல்முறை கற்கிறவருக்கு முழங்கால் ஆழப் புதுப்பனியில் திரும்பவும் முடியாது, விழுந்தால் எழவும் முடியாது. இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த, உறுதியான பனிதான் உங்கள் நண்பன்.

எத்தனை நாள்? பனியில் மூன்று நாளுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள். முதல் நாள் முழுக்க நிற்கவும் நிறுத்தவும் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும், இரண்டாம் நாள் உடம்பு வலிக்கும், மூன்றாம் நாள்தான் இதில் ஏதோ இருக்கிறது என்று தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாறு நாள் கிடைத்தால் நடுவில் ஒரு நாள் ஓய்வு விடுங்கள்.

ஸ்கீயா, இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டும் ஸ்னோபோர்டா என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. முதல் இரண்டு நாள் ஸ்கீ எளிது. இரண்டு கால்களும் தனித்தனியாக இருப்பதால் சமாளித்துக்கொள்ளலாம். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள் உட்காருமிடமும் மணிக்கட்டும் நன்றாக அடிவாங்கும், அதன்பிறகு முன்னேற்றம் வேகமாக வரும். மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் போர்டில் ஏறாதீர்கள்.

எதை முதலில் பதிவு செய்வது

எல்லோரும் முதலில் அறையைப் பிடிப்பார்கள். நான் முதலில் பயிற்சி வகுப்பைப் பிடிக்கச் சொல்வேன். கூட்ட வாரங்களில் அறை எங்காவது ஒன்று கிடைத்துவிடும். உங்களுக்குப் புரியும் மொழியில் பேசும் பயிற்சியாளர் கிடைப்பது கடினம். ஐரோப்பாவில் குழு வகுப்புகள் ஞாயிறு அல்லது திங்கள் தொடங்கி ஐந்து, ஆறு நாள் தொடர்ச்சியாக நடக்கும். புதன்கிழமை போய் இறங்கினால் நடுவில் சேர இடம் கிடைக்காமல் போகலாம். தங்குமிடங்களும் அங்கே பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்ற கணக்கில்தான் வாடகைக்கு வரும். அந்தச் சனிக்கிழமைகளில் மலைச்சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

குழு வகுப்பா, தனி வகுப்பா? தனியாகப் போகிறவர்களுக்குக் குழு நல்லது. விழுவதற்குத் துணை இருக்கும். நாலைந்து பேராகச் சேர்ந்து போகிறவர்கள், முதல் நாள் மட்டும் ஒரு தனிப் பயிற்சியாளரை எல்லோருமாகப் பகிர்ந்து அமர்த்திக்கொள்ளலாம். தலைக்கு வரும் செலவு குழு வகுப்பை நெருங்கிவிடும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நன்றாகச் சறுக்கத் தெரிந்த கணவரிடமோ மனைவியிடமோ நண்பரிடமோ கற்றுக்கொள்வது. அவருக்குச் சறுக்கத் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. சண்டையில்தான் முடியும். குழந்தைகளை மூன்று, நான்கு வயதிலிருந்தே தனி வகுப்புகளில் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் உங்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து அறை. லிஃப்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. விளம்பரத்தில் 'ஐந்து நிமிட நடை' என்று போட்டிருப்பது சாதாரணச் செருப்புக் கணக்கு. கெட்டியான பூட்சைப் போட்டுக்கொண்டு, தோளில் ஸ்கீயைச் சுமந்து, உறைந்த மேட்டில் ஏறினால் பதினைந்து நிமிடம் ஆகும். இலவச ஸ்கீ பஸ் ஓடுகிறதா, கருவிகளை இரவில் வைத்துவிட்டு வர லிஃப்டுக்கு அருகில் லாக்கர் இருக்கிறதா, பூட்சை உலர்த்தும் அறை உண்டா என்று கேளுங்கள். வாசலிலேயே சறுக்கி வந்து இறங்கலாம் என்று சொல்லும் விடுதிகள் விலை அதிகம். அந்த வாசலுக்கு வரும் பாதை என்ன நிறம் என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சிவப்பாக இருந்தால் உங்களுக்கு அந்த வசதியால் ஒரு பயனும் இல்லை.

லிஃப்ட் பாஸ் கடைசி. முதல் இரண்டு மூன்று நாளுக்கு முழு மலைக்கான பாஸ் வீண் செலவு. பல ரிசார்ட்களில் தொடக்கச் சரிவு லிஃப்ட்களுக்கு மட்டும் குறைந்த விலையில் தனி பாஸ் உண்டு, சில இடங்களில் அந்த லிஃப்ட்கள் இலவசம். வகுப்புக் கட்டணத்திலேயே பாஸ் அடங்கிவிடுகிறதா என்றும் பாருங்கள். முழு பாஸ் வாங்கும்போது, விமான டிக்கெட் போல நாளுக்கு நாள் விலை மாறும் இடங்களில் முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது லாபம். அட்டை கைக்கு வந்ததும் ஜாக்கெட்டின் இடதுபக்கப் பையில் தனியாகப் போட்டு வைத்துவிடுங்கள். நுழைவாயில் கருவிகள் பொதுவாக இடதுபக்கமிருந்துதான் அட்டையைப் படிக்கும். பக்கத்தில் போன் இருந்தால் சில நேரம் படிக்காது.

காப்பீடு

சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு அடங்காது என்று வைத்துக்கொண்டே பாலிசியைப் படியுங்கள். குளிர்கால விளையாட்டு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். மலையிலிருந்து மீட்கும் செலவு, ஹெலிகாப்டர் உட்பட, அதில் இருக்கிறதா? நீங்கள் மோதி இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்டால் அந்தப் பொறுப்பை ஏற்கிறதா? வாடகைக் கருவி தொலைந்தால்? குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே போனாலும், மது அருந்தியிருந்தாலும் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். இத்தாலியில் 2022 ஜனவரி முதல், பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சறுக்குப் பாதையில் இறங்கவே கூடாது என்பது சட்டம். அங்கே அதை லிஃப்ட் பாஸோடு நாள் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

உடம்பைத் தயார் செய்வது

கிளம்புவதற்கு ஆறு, எட்டு வாரம் முன்பிருந்து தொடைக்கு வேலை கொடுங்கள். உட்கார்ந்து எழுவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்கார்ந்திருப்பது, மாடிப்படியில் ஏறுவதோடு மெதுவாக இறங்குவதும். பனிச்சறுக்கில் அதிகம் காயப்படுவது முழங்கால், களைத்த தொடையால் அதைக் காப்பாற்ற முடியாது. துபாயில் 2005இல் திறந்த ஸ்கீ துபாய் போல, கூரைக்குள் பனியைப் பரப்பிய அரங்கம் ஏதாவது எட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு வகுப்பு போய்வரலாம். மலையில் முதல் நாள் காலையின் பயம் பாதி குறையும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

ஸ்கீ, பூட்ஸ், கோல், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு. ஜாக்கெட், பேண்ட்டையும் கடன் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடிந்தால் நல்லது. இந்த விளையாட்டு பிடிக்குமா என்று தெரிவதற்கு முன்னால் அதில் காசைப் போடாதீர்கள். சொந்தமாக வாங்க வேண்டியவை சில: உடலை ஒட்டிய உள்ளாடை, ஸ்கீ சாக்ஸ், கையுறை, கூகுள்ஸ் என்ற காப்புக் கண்ணாடி.

உடை மூன்று அடுக்கு. உடலை ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, அதன்மேல் ஃப்ளீஸ் என்ற கதகதப்பான மென்துணி, அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்தி வேண்டவே வேண்டாம், ஜீன்ஸ் உட்பட. வியர்வையில் நனைந்த பருத்தி காயாது, லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் உடம்பை விறைக்க வைத்துவிடும். கிளம்பும்போது கொஞ்சம் குளிர்கிற மாதிரி இருப்பதுதான் சரியான அளவு, விழுந்து எழும்போது தானாகவே சூடாகிவிடும். மப்ளருக்குப் பதிலாகக் கழுத்தில் குழாய்த்துணி போட்டுக்கொள்ளுங்கள். தொங்கும் நுனி லிஃப்டில் மாட்டினால் ஆபத்து.

வெயிலைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வீரியம் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை கீழிருந்து திருப்பி அடிக்கிறது. மூக்குக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் சன்ஸ்க்ரீன் தடவ வேண்டிய இடம் இது. உதட்டுக்கும் வேண்டும். கூகுள்ஸில் எஸ்1 என்று போட்டிருந்தால் மங்கலான நாளுக்கு, எஸ்3 என்றால் நல்ல வெயிலுக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்2 வாங்குங்கள்.

பூட்ஸ்

இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வகுப்பு நாளன்று காலையில் ஓடாதீர்கள், முந்தின நாள் மாலையே கடைக்குப் போய்விடுங்கள். காலையில் போனால் உங்களுக்குப் பின்னால் இருபது பேர் நிற்பார்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பிவிடுவார்.

ஸ்கீ பூட்சின் அளவு, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது: 25.5, 26.5 என்று இருக்கும். வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் எல்லோரும் கேட்பது, கொஞ்சம் பெரிதாக, வசதியாக. அதுதான் தவறு. பெரிய பூட்சுக்குள் குதிகால் மேலே எழும், கால் திரும்பினாலும் ஸ்கீ திரும்பாது, பிடிப்பு வேண்டும் என்று கொக்கிகளை இறுக்குவீர்கள், ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் மரத்துப்போகும். சரியான அளவு இப்படி இருக்கும்: நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக உரசும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் குதிகால் பின்னால் போய்ப் பதிந்து விரல் விடுபடும். குதிகாலை உள்ளே தூக்கிப் பார்த்தால் அசையக் கூடாது. விரல்களை அசைக்க முடிய வேண்டும்.

உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீளச் சாக்ஸ். குளிருக்கென்று இரண்டு சாக்ஸ் போட்டால் கால் இன்னும் சில்லிடும், கொப்புளமும் வரும். உள்ளாடையின் கால்நுனியை, பேண்ட்டின் உள்மடிப்பை, எதையும் பூட்சுக்குள் திணிக்கக் கூடாது. பனி புகாமல் இருக்க உள்ள அந்த உள்மடிப்பு பூட்சுக்கு வெளியே மேலாக வர வேண்டும். மாட்டும்போது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் பதியவைத்துவிட்டு, முதலில் கணுக்கால் பக்கத்துக் கொக்கி, அப்புறம் மேலே உள்ளவை. பாதத்தின்மேல் இருப்பவை லேசாக மூடினால் போதும். நடக்கும்போது மேல்கொக்கிகளைத் தளர்த்திவிட்டு நடங்கள், படியில் இறங்குவது பாதி எளிதாகும்.

கெட்டியாகப் பிடிப்பது இயல்பு. குறிப்பிட்ட ஒரு இடத்தில் குத்துவதும், மரத்துப்போவதும் இயல்பல்ல. மறுநாளே கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். வாடகைக் கடைகளுக்கு இது தினசரி வேலை, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அதே கடையில் உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறன் எல்லாம் கேட்பார்கள். பூட்ஸ் ஸ்கீயோடு இணையும் பைண்டிங், நீங்கள் விழும்போது எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை இவற்றையும் பூட்ஸ் அடியின் நீளத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் ஓடும்போதே ஸ்கீ கழன்றுவிடும். திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலை முறுக்கும். அந்த இரண்டு நிமிடம் மட்டும் அரிச்சந்திரனாக இருங்கள். ஸ்கீ நீளம் தாடை உயரம் இருந்தால் தொடக்கத்துக்குச் சரி.

மலைக்குப் போய்ச் சேர்வது

ரயிலும் பஸ்சும் கிடைத்தால் அதிலேயே போங்கள். வாடகைக் காரில் போகிறவர்கள் விதிகளைப் பார்க்க வேண்டும்: பிரான்சில் குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ டயரில் மாட்டும் சங்கிலியோ கட்டாயம், ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருக்கும் நிலையில் குளிர்கால டயர் வேண்டும். சங்கிலி மாட்டும் விதத்தைக் காய்ந்த இடத்தில், வெளிச்சத்தில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

பனியில் முதல் நாள்

வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள். முதலில் சமதளத்தில் ஒரு ஸ்கீ மட்டும் மாட்டித் தள்ளித் தள்ளி நடப்பது, பக்கவாட்டில் படிபோல ஏறுவது என்று ஆரம்பிப்பார்கள். பிறகு இரண்டு ஸ்கீயின் முன்நுனிகளையும் நெருக்கி, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைப்பது. பல பயிற்சியாளர்கள் இதைப் பீட்சாத் துண்டு என்றே சொல்வார்கள். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீ கட்டுப்பாட்டை மீறி ஓடும். முழங்காலை மடக்கி, கணைக்காலின் முன்னெலும்பு பூட்சின் நாக்கில் அழுந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். முதல் நாள் பாடம் முழுக்கவே இதுதான்.

விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக உட்கார்ந்துவிடுங்கள். கையை ஊன்றித் தடுக்கப் பார்க்காதீர்கள். எழும்போது இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்காக, உங்களுக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்துவிட்டு எழுங்கள். முடியவில்லையா, மேல்பக்கத்து ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழுந்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

நாற்காலி லிஃப்ட் பலருக்கும் பெரிய பூதம். ஏறுவதற்கு முன் கோல்களின் பட்டையை மணிக்கட்டிலிருந்து கழற்றி ஒரே கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டில் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள், நாற்காலி வந்து தொட்டதும் உட்காருங்கள், காப்புக் கம்பியை இறக்குங்கள். மேலே நெருங்கும்போது கம்பியைத் தூக்கி, ஸ்கீ நுனிகளை உயர்த்தி வையுங்கள். தரை தட்டியதும் எழுந்து நேராகச் சறுக்கி அங்கிருந்து விலகிவிடுங்கள். இறங்கிய இடத்திலேயே நின்றால் அடுத்த நாற்காலியில் வருகிறவர் உங்கள்மேல் வந்து மோதுவார். பயமாக இருந்தால் இயக்குபவரிடம் முதல்முறை என்று சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்.

மதிய உணவைப் பதினொன்றரைக்கோ ஒன்றரைக்கோ வைத்துக்கொண்டால் கூட்டத்திலிருந்து தப்பலாம். மூன்று மணிக்கு மேல் தொடை நடுங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். 'கடைசியாக ஒரே ஒரு தடவை' என்று ஏறுவதில்தான் கால்கள் முறிகின்றன: உடம்பு களைத்திருக்கும், பாதை மேடுபள்ளமாகியிருக்கும், வெளிச்சமும் மங்கியிருக்கும்.

மலையின் விதிகள்

சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் பத்து விதிகள் வைத்திருக்கிறது. புதியவருக்கு அவற்றில் முக்கியமானது, முன்னால், அதாவது கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை என்பது. மேலிருந்து வருகிறவர் விலகிப் போக வேண்டும். ஆகவே பின்னால் யார் வருகிறார் என்று பதற வேண்டியதில்லை. கண்ணை உங்களுக்குக் கீழே வையுங்கள். நின்றிருந்து மறுபடி புறப்படும்போது மட்டும் மேலே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஓய்வெடுக்க ஓரமாக நில்லுங்கள். குறுகலான இடத்திலும், மேட்டுக்கு அந்தப் பக்கம் மேலிருந்து வருபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது.

யாராவது அடிபட்டுக் கிடந்தால், அவருக்குச் சற்று மேலே இரண்டு ஸ்கீயைக் குறுக்காக எக்ஸ் வடிவில் நட்டுவிட்டு, மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை முதல் நாளே போனில் சேமித்து வையுங்கள். ஐரோப்பாவில் 112ம் உதவும். பாதை ஓரக் கம்பங்களில் எண் இருந்தால் பாதையின் பெயரோடு அதையும் சொல்லுங்கள், சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

மூடிய பாதைக்குள் நுழையாதீர்கள். பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு அறிவிப்பார்கள். மூன்று என்பதை 'நடுத்தரம்தானே' என்று படிக்கக் கூடாது, குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே அது உயிரைக் குடிக்கும் நிலை. லிஃப்ட் மூடியபின்னும் மலையில் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள். பனியைச் சமன் செய்யும் வண்டிகள் செங்குத்தான இடங்களில் நீண்ட இரும்புக் கம்பியில் தொங்கியபடி வேலை செய்யும். அந்திநேரத்தில் அந்தக் கம்பி கண்ணுக்கே தெரியாது, அதில் மோதி இறந்தவர்கள் உண்டு.

லிஃப்ட் ஓடாத நாளும் வரும்

காற்று பலமாக இருந்தால் உயரமான லிஃப்ட்களை நிறுத்திவிடுவார்கள். மேகம் இறங்கிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. அப்போது மரங்கள் அடர்ந்த தாழ்வான பாதைகளில் ஓரளவு கண் தெரியும். திட்டத்தில் இப்படி ஒரு நாளுக்கு இடம் விட்டு வையுங்கள். பனிக்காலணி மாட்டிக் காட்டில் நடப்பது, சறுக்குவண்டி, வெந்நீர்க் குளம் என்று ஏதாவது அந்த ஊரில் இருக்கும். உங்களோடு வரும், சறுக்க விருப்பமில்லாதவர்களுக்கும் இவைதான் பொழுதுபோக்கு. நடந்து சுற்றுபவர்களுக்கான தனி கோண்டோலா டிக்கெட் பல இடங்களில் உண்டு.

திரும்பும் நாளில் காலையில் சறுக்கிவிட்டு மதியம் கிளம்பி மாலை விமானத்தைப் பிடிப்பது என்ற திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். பனி பொழிந்து சாலை அடைத்துக்கொண்டால் விமானம் போய்விடும். விமான நிலையம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருந்தால் முந்தின நாளோடு சறுக்கலை முடித்துக்கொள்ளுங்கள். கருவிகளைக் கடைசி நாள் மாலையே திருப்பிக் கொடுத்துவிடலாம். பல கடைகள் அப்படிக் கொடுப்பதற்கு அடுத்த நாள் வாடகை கேட்பதில்லை, கொடுக்கும்போது ஒரு ரசீது வாங்கி வையுங்கள். பூட்சுக்குள் உங்கள் சாக்ஸோ, ஹெல்மெட்டில் மாட்டிய கூகுள்ஸோ இருக்கிறதா என்று பாருங்கள். லிஃப்ட் அட்டைக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரும் பெட்டி டிக்கெட் கவுண்டர் பக்கத்திலேயே இருக்கும். சில அட்டைகளை வைத்துக்கொண்டு அடுத்த முறை இணையத்தில் மறுபடி நிரப்பிக்கொள்ளவும் முடியும்.